குரூஸ் விளக்கு எரியுது, ‘செட்’ மட்டும் பிடிக்க மாட்டேங்குது: வீட்டிலேயே என்னவெல்லாம் பார்க்கலாம்?

#1 மணல்மேடு

வண்டி 2017 பெட்ரோல் செடான், 5 கியர் மேனுவல், 78,000 கி.மீ. குரூஸ் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) கம்பெனியில் இருந்தே வந்தது, வெளியில் போட்டதில்லை.

ஸ்டியரிங்கில் குரூஸ் பட்டனை அமுக்கினால் மீட்டரில் குரூஸ் விளக்கு வருது. 70-ல் போகும்போது, அந்த வேகத்தைப் பிடிக்கச் சொல்லும் ‘செட்’ பட்டனை அமுக்கினால் பச்சை ‘செட்’ விளக்கு வராது. முதலில் பத்துக்கு ரெண்டு தடவை இப்படி ஆச்சு, இப்போ ஒரு தடவைகூடப் பிடிக்கலை. இன்ஜின் லைட், ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் எதுவும் இல்லை. ஹாரனும் ஆடியோ பட்டனும் வேலை செய்யுது. கையில் மல்டிமீட்டரும், பிழைக் குறியீடு படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனரும் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#2 ரிலே_கிளிக்

விளக்கு எரிகிறது என்பதே பாதி விடை. குரூஸ் கோளாறை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

குரூஸ் விளக்கே வரவில்லை என்றால் ஃபியூஸ், ஸ்டியரிங் சுவிட்ச், அதற்குப் பின்னால் உள்ள கிளாக் ஸ்பிரிங் (சுழலும் ஸ்டியரிங்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள்) ஆகியவற்றில் ஒன்று. விளக்கு வருகிறது, செட் பிடிக்கவில்லை என்றால் பட்டன் சொன்னது இசியு-வுக்கு (இன்ஜினை நடத்தும் கணினி) கேட்டிருக்கிறது, ஆனால் அது மறுக்கிறது. பிடித்துவிட்டுத் தானாக விடுகிறது என்றால் ஏதோ ஒரு சுவிட்ச் ஓரத்தில் நிற்கிறது, மேடு பள்ளத்தில் விட்டு விட்டுத் தொடுகிறது.

உங்களுடையது இரண்டாவது வகை. இசியு மறுப்பதற்குக் காரணங்கள் அதிகமில்லை. பிரேக் மிதித்திருப்பதாக நினைக்கிறது, கிளட்ச் மிதித்திருப்பதாக நினைக்கிறது, வேகம் சரியாகத் தெரியவில்லை, அல்லது ஏதோ பிழைக் குறியீட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு குரூஸை மூடிவிட்டது. இன்ஜின் லைட் எரியாமலேயே குறியீடு உள்ளே இருக்கலாம், அதனால் முதல் வேலை ஸ்கேனர்தான்.

பி0571, 0572, 0573 மூன்றும் பிரேக் சுவிட்ச். பி0504 வந்தால் பிரேக் சுவிட்சின் இரண்டு தொடர்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பி0704, பி0830 கிளட்ச் சுவிட்ச். பி0500 வேக சென்சார். பி0565 முதல் 0570 வரை ஸ்டியரிங் பட்டன்கள்.

இன்னொன்று: விளக்கு வருவதால் ‘ஆன்’ பட்டன் நல்லது என்று மட்டுமே அர்த்தம். ‘செட்’ பட்டன் தனியாகக் கெட்டிருக்கலாம். அதை இப்போதைக்கு வரிசையின் கடைசியில் வையுங்கள்.

#3 நெறியாளர்

மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன் நாலு விஷயம்.

வண்டி சமதளத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து நிற்கட்டும். பெடலுக்கு அடியில் தலையை விடும்போது சாவி ஆஃப். சாவி ஆனில் கனெக்டரைக் கழற்றினால் இல்லாத குறியீடுகளெல்லாம் பதிவாகி நம்மையே குழப்பும்.

ஸ்டியரிங் நடுப்பகுதியை வீட்டில் திறக்க வேண்டாம். அங்கே மஞ்சள் கனெக்டர் எது தெரிந்தாலும் அது ஏர்பேக் லைன். அதில் ஓம் மீட்டர் வைக்கவே கூடாது, மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம்.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி 60-ல் ஓட்டிப் பார்க்கும் ஐடியா எந்த வீடியோவில் வந்திருந்தாலும் மறந்துவிடுங்கள். வண்டி ஜாக்கை விட்டு இறங்கினால் சுவர்தான் பிரேக். அதோடு முன் சக்கரம் மட்டும் சுற்றி பின் சக்கரம் நின்றால் ஏபிஎஸ் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும், குரூஸும் மூடிக்கொள்ளும். சோதனையாகவும் அது உதவாது.

நான்காவது, எந்த சுவிட்சையும் பைபாஸ் செய்வது பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்.

#4 மணல்மேடு

ஸ்கேன் பண்ணேன். குறியீடு எதுவும் இல்லை. வேகம் ஸ்கேனரிலும் மீட்டரிலும் ஒட்டியே வருது, 60-க்கு 58.

பிரேக் லைட் மூணும் எரியுது, பெடலை விட்டா அணையுது. ராத்திரி சுவரைப் பார்த்து நிறுத்தி மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்துட்டேன்.

#5 டீசல்_தம்பி

ப்ரோ, பல்பு எல்இடி மாத்தியிருக்கீங்களா? பழைய அமெரிக்க வண்டிகள் சிலதில் குரூஸ் மாட்யூல் பிரேக் பல்போட இழை வழியாத்தான் எர்த்தைத் தேடும். எல்லா பல்பும் எல்இடி ஆனா, இல்ல எல்லாமே ஃபியூஸ் ஆனா, குரூஸ் வராது. நம்ம ஊர் புது வண்டில இது அபூர்வம், ஆனா கேட்டு வைக்கிறது நல்லது.

ஸ்டாப் (பிரேக் லைட்) ஃபியூஸையும் ஒரு தடவை பிடுங்கிப் பாருங்க. பெரும்பாலும் 10 இல்ல 15 ஆம்பியர். போயிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும். திரும்பத் திரும்பப் போனா டிக்கிக்குள்ள ரிவர்ஸ் கேமரா, எக்ஸ்ட்ரா பிரேக் லைட்னு யாராவது வயரைக் கடிச்சு ஜாயிண்ட் போட்டிருப்பாங்க, அங்க பாருங்க.

#6 ரிலே_கிளிக்

மூன்று விளக்கும் எரிகிறது என்றால் ஃபியூஸ் நல்லதுதான். ஆனால் பிரேக் லைட் சரியாக எரிவதால் பிரேக் சுவிட்ச் சரி என்று முடிவு கட்ட முடியாது. பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

பெரும்பாலான வண்டிகளில் அந்த சுவிட்சில் நான்கு பின் இருக்கும், உள்ளே இரண்டு தனித்தனித் தொடர்பு. ஒன்று விளக்குக்கு: பெடல் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், மிதித்தால் மூடும். இன்னொன்று குரூஸுக்கு: சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், மிதித்தால் திறக்கும். வேண்டுமென்றே எதிரெதிராக வைத்திருக்கிறார்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது குரூஸை விடுவிக்கும், குரூஸ் பக்கத்து வயர் அறுந்தாலும் இசியு அதை ‘மிதித்தாயிற்று’ என்றே எடுத்துக்கொள்ளும்.

அளக்கும் முறை: சாவி ஆஃப். பிரேக் பெடல் கம்பியின் மேல்முனையில், டேஷ்போர்டுக்கு உள்ளே சுவிட்ச் இருக்கும். கனெக்டரின் பூட்டை அமுக்கி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மீட்டரை கன்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ஜோடி ஜோடியாகத் தொடுங்கள். பெடல் சும்மா இருக்கும்போது ஒரு ஜோடி பீப் அடிக்க வேண்டும் (1 ஓமுக்குக் கீழே), இன்னொரு ஜோடி ஓஎல் (தொடர்பு இல்லை) காட்ட வேண்டும். கையால் பெடலை மெதுவாக அமுக்கினால் முதல் சில மில்லிமீட்டரிலேயே இரண்டும் இடம் மாற வேண்டும். பத்து தடவை அமுக்கிப் பாருங்கள், ஒரே இடத்தில் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். கடலோர ஊர்க் காற்றில் அந்தக் குத்து ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும்.

#7 மணல்மேடு

சுவிட்சைக் கால் சுற்று திருப்பிக் கழற்றி, கையில் வெச்சு அளந்தேன். ரெண்டு ஜோடியும் நீங்க சொன்ன மாதிரியே மாறுது, 0.3 ஓம். அப்போ சுவிட்ச் நல்லதுதானே?

#8 நெம்புகோல்

சுவிட்ச் நல்லது. அது மாட்டியிருந்த இடம் நல்லதா என்பது கையில் வைத்து அளந்தால் தெரியாது. அதனால்தான் மேலே மாட்டியபடியே அளக்கச் சொன்னார்.

திருப்பி மாட்டும்போதும் கவனம். சில சுவிட்ச்கள் தானே இடைவெளி எடுத்துக்கொள்ளும் வகை: ஊசியை (பெடல் வந்து அமுக்கும் முனை) முழுக்க வெளியே இழுத்து, பெடலைத் தொடாமல் செருகி, கால் சுற்று திருப்பிப் பூட்ட வேண்டும். பெடலை மிதித்தபடி மாட்டினால் இடைவெளி தப்பாகும். சில கம்பெனிகள் இந்த வகையை ஒரு தடவைதான் மாட்டலாம் என்கின்றன. மரையும் லாக் நட்டும் உள்ள பழைய வகையில், பெடலுக்கும் சுவிட்சின் உடலுக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. விட்டு இறுக்குவது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். அதிகமாக உள்ளே தள்ளி இறுக்கினால் பெடல் முழுக்க மேலே வராது, பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். குரூஸைச் சரி செய்யப் போய் டிஸ்க்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

#9 ஃபுல்_த்ராட்டில்

சுவிட்ச் பிரச்சனையானு தெரியணும்னா சிம்பிள். குரூஸ் ஜோடி ரெண்டு பின்னுக்கும் ஒரு ஜெம் கிளிப் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டிப் பாருங்க. செட் பிடிச்சா சுவிட்ச்தான்.

#10 நெறியாளர்

இந்தப் பதிவை நீக்காமல் விடுவது, இப்படி ஏன் செய்யக் கூடாது என்று விளக்கத்தான். அந்த ஜோடியை ஷார்ட் செய்தால் பிரேக் மிதித்தாலும் குரூஸை விடுவிக்க விளக்குத் தொடர்பு ஒன்றை மட்டும் நம்ப வேண்டும். சில வண்டிகளில் அதையும் நம்ப முடியாது. வண்டி நின்றபடியே மீட்டரில் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றுக்காக அதை ரோட்டில் செய்து பார்ப்பானேன்?

குரூஸ் விடாமல் போவது கற்பனையும் அல்ல. 2018 மே மாதத்தில் ஃபியட் கிரைஸ்லர் அமெரிக்காவில் சுமார் 48 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. குரூஸ் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் குறிப்பிட்ட ஒரு ஷார்ட் ஏற்பட்டால், ஓட்டுபவரால் குரூஸை நிறுத்த முடியாது என்பதே காரணம். அப்படி மாட்டிக்கொண்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். மேனுவலில் கிளட்சை மிதித்தால் போதும், இன்ஜின் கத்தினால் கத்தட்டும். ஓடும்போது சாவியைத் திருப்பி எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

#11 நெம்புகோல்

ஃபோர்டு கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். 1999 முதல் 2009 வரை பல தவணையாக ஏறக்குறைய 1.4 கோடி வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் குரூஸை நிறுத்த ஒரு அழுத்த சுவிட்ச், அதில் எப்போதும் மின்சாரம். உள்ளே இருந்த மெல்லிய படலம் கிழிந்து பிரேக் ஆயில் மின்பக்கத்துக்குக் கசிந்தால், சாவி எடுத்து நிறுத்திய வண்டியே தீப்பிடிக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்து ஃபோர்டு வைத்திருப்பவர்கள் ரீகால் வேலை முடிந்ததா என்று வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மாஸ்டர் சிலிண்டரில் வயரோடு சுவிட்ச் இருந்து அந்த இடம் ஈரமாகவும் இருந்தால் தொடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

#12 டீசல்_தம்பி

எல்லாரும் பிரேக்கையே புடிச்சுட்டு நிக்கிறோம். வண்டி மேனுவல். கிளட்ச் சுவிட்சை யாரும் கேக்கலையே?

#13 மணல்மேடு

கிளட்ச் சுவிட்ச் நல்லா இருக்கு. மிதிக்காம ஸ்டார்ட் ஆகாது, மிதிச்சா ஆகுது.

#14 ரிலே_கிளிக்

அது வேறு சுவிட்ச்! பல மேனுவல் வண்டிகளில் கிளட்சுக்கு இரண்டு சுவிட்ச் உண்டு. ஸ்டார்ட்டுக்கானது பெடல் முழுக்கக் கீழே போனால்தான் அமுங்கும். குரூஸுக்கானது மேலே, பெடல் சும்மா நிற்கும் இடத்தில் இருக்கும். கொஞ்சம் கீழே போனாலே ‘மிதித்தாயிற்று’ என்று சொல்லிவிடும். முதலாவது வேலை செய்வதால் இரண்டாவது நல்லது என்று ஆகாது.

இதில் கோளாறு வந்தால் வெளியே ஒரு விளக்கும் காட்டிக்கொடுக்காது. கிளட்ச் எப்போதும் மிதித்தே இருக்கிறது என்று இசியு நம்பிக்கொண்டிருக்கும், குறியீடும் வராமல் போகலாம். உங்கள் அறிகுறிகள் அத்தனையும் இதோடு பொருந்துகின்றன.

ஸ்கேனர் ஆப்பில் உங்கள் கார் மாடலைத் தேர்ந்தெடுத்தால் சிலவற்றில் ‘கிளட்ச் சுவிட்ச்’, ‘பிரேக் சுவிட்ச்’ என்று நேரடி நிலை வரும். எல்லா வண்டிக்கும் பொதுவான ஓபிடி பக்கத்தில் அது இருக்காது, கம்பெனிக்கான பக்கத்தில்தான் தேட வேண்டும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல். பெடலைத் தொடாமல் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு கையால் பெடலை மேல்நோக்கி லேசாக இழுத்துப் பாருங்கள். அப்போது நிலை மாறினால் பெடல் முழுக்க மேலே வரவில்லை, அல்லது சுவிட்சுக்கும் பெடலுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை.

#15 ஃபுல்_த்ராட்டில்

ஓட்டும்போதே கிளட்ச் பெடலை ஷூ நுனியால தூக்கிப் பிடிச்சு செட் அமுக்கிப் பாக்கலாமே, உடனே தெரிஞ்சிடும்.

#16 நெறியாளர்

நிறுத்திய வண்டியில் கையால் செய்யும் அதே சோதனைதான் இது. 70-ல் போகும்போது கால் ஏன் பெடலுக்கு அடியில் இருக்க வேண்டும்?

#17 நெம்புகோல்

“ஏதோ ஒன்று” என்று மேலே சொன்னது பெரும்பாலும் ஸ்டாப்பர் பேட். சுவிட்சின் ஊசி தொடும் இடத்தில் பெடல் தகட்டில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ். வெயிலிலும் வயதிலும் அது காய்ந்து பொடியும். குமிழ் போய்விட்டால் ஊசி நேரே ஓட்டைக்குள் நுழையும், சுவிட்ச் அமுங்காது. பாதி உடைந்தால் ஊசி சில நாள் விளிம்பில் நிற்கும், சில நாள் நழுவும். “பத்துக்கு ரெண்டு தடவை” என்பது அந்தக் கட்டமாக இருக்கலாம்.

கால் மேட்டைத் தூக்கி உதறிப் பாருங்கள். நொறுங்கிய பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பிரேக் பக்கத்தில் இதே குமிழ் போனால் பிரேக் லைட் அணையவே அணையாது, ராத்திரியோடு பேட்டரி இறங்கிவிடும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் மிதிக்காமலே பார்க்கிங்கிலிருந்து கியர் எடுக்க வரும். அதைப் பார்த்தால் குரூஸை விடுங்கள், வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

#18 ரொறன்ரோ_வின்ரர்

அண்ணாமார், இஞ்ச கனடாவில இருந்து ஒண்டு சேர்க்கிறன். எங்கட பக்கம் ரோட்டில போடுற உப்பு வீல் ஸ்பீட் சென்சர் இருக்கிற இடத்தில துரு கட்டி, சென்சரைத் தள்ளிப்போடும். ஏபிஎஸ் லைற்றும் குரூஸும் சேர்ந்து போனால் முதல்ல அங்கதான் பாக்கோணும்.

அடாப்டிவ் குரூஸ் (முன்னுக்குப் போற வாகனத்தைப் பாத்து வேகத்தைத் தானே மாத்திறது) எண்டால் கதை வேற. முன்னுக்கு இருக்கிற 77 கிகாஹேர்ட்ஸ் றேடாரை சிநோ (பனி) மூடினாலே ‘சென்சர் தடை’ எண்டு சொல்லி நிண்டிடும். துடைக்க வெதுவெதுப்பான தண்ணியும் மெல்லிய துணியும் காணும். ஐஸ் சுரண்டிற கத்தியை அதில வைக்காதேங்கோ.

#19 ரிலே_கிளிக்

இங்கே சிநோவுக்குப் பதில் சேறும் ஸ்டிக்கரும். ரேடார் இருக்கும் எம்பளத்தின் மேல் குரோம் ஸ்டிக்கர், பம்பரில் உலோகத் துகள் கலந்த பெயிண்ட், முன்னால் இரும்பு கார்டு மூன்றுமே ரேடாரின் கண்ணைக் கட்டும். கார்டு எப்படியும் சட்டவிரோதம், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கேமரா உள்ள வண்டியில் முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை அளவீடு (கேலிபரேஷன்) செய்துதான் எடுக்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

#20 மலைப்பாதை

என் கேள்வி வேற. குரூஸ் பிடிக்குது, ஆனா வேகம் ஏறி இறங்கி ஊசலாடுது. இறக்கத்துல 80 செட் பண்ணா 90 தாண்டுது. ஏத்தத்துல தானா விட்டுடுது.

#21 நெம்புகோல்

இறக்கத்தில் தாண்டுவது கோளாறே இல்லை. வேகத்தைக் குறைக்க சாதாரண குரூஸுக்குத் த்ராட்டிலை (இன்ஜினுக்குக் காற்று விடும் கதவு) மூட மட்டும்தான் தெரியும், பிரேக் போடத் தெரியாது. ஏற்றத்தில் விடுவதும் பல வண்டிகளில் வேண்டுமென்றே வைத்தது. டொயோட்டா புத்தகங்களில் செட் செய்த வேகத்தைவிட 16 கி.மீ. குறைந்தால் ரத்தாகும் என்றே எழுதியிருக்கும். மலைப் பாதையில் ஐந்தாம் கியரில் சின்ன இன்ஜின் அந்த நிலைக்கு வரத்தான் செய்யும். மலையில் குரூஸ் போடுவதே தப்பு என்பது என் கட்சி, மழையில் இன்னும் தப்பு: டயர் தண்ணீரில் மிதக்கும்போது இசியு வேகத்தைக் குறைய விடாமல் வைக்கப் பார்க்கும்.

சமதளத்தில் ஊசலாடினால்தான் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் த்ராட்டில் பாடியில் கரி, இன்டேக் ஹோஸில் காற்றுக் கசிவு. சுத்தம் செய்யும்போது அதிலுள்ள தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே கியரின் பல் உடையும். முடித்ததும் ஐடில் பழக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. கேபிளோ வேக்குவமோ உள்ள பழைய வண்டியில் கேபிள் தளர்வு, டயாஃப்ராம் கிழிசல், வேக்குவம் ஹோஸ் வெடிப்பு.

#22 டீசல்_தம்பி

ஸ்டியரிங் பட்டன் விஷயம் பாக்கி இருக்கே, சொல்லிடறேன். பல வண்டில பட்டன் எல்லாம் ஒரே ரெண்டு வயர்ல வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ். டொயோட்டாவோட பழைய குரூஸ் தண்டுல ஆன்-ஆஃப் கிட்டத்தட்ட 0 ஓம், ரெஸ்யூம் (விட்ட வேகத்தை மறுபடி பிடிக்கிறது) 240, செட் 630, கேன்சல் 1,540. உள்ளே அழுக்கு சேர்ந்தா 630 காட்ட வேண்டியது 900 காட்டும், இசியு அதை எந்த பட்டன்னே எடுத்துக்காது. சுவிட்சுக்குள்ள துருநீக்கி ஸ்பிரே அடிக்காதீங்க, எண்ணெய் தங்கி தூசியைக் கூட்டும். கான்டாக்ட் கிளீனர்தான்.

ஹாரன், ஆடியோ பட்டன், ஏர்பேக் லைட் எல்லாம் ஒரே நேரத்துல மக்கர் பண்ணா கிளாக் ஸ்பிரிங். அது ஏர்பேக்கைக் கழற்றுற வேலை, தெரிஞ்ச இடத்துல குடுங்க.

#23 மணல்மேடு

மேட்டை உதறினதில் வெள்ளைப் பிளாஸ்டிக் சில்லு நாலஞ்சு விழுந்தது. கிளட்ச் பெடல் தகட்டில் ஓட்டை காலி, ஊசி உள்ளே நுழைஞ்சு நிக்குது. மாட்டினபடியே அளந்தேன், பெடல் சும்மா இருக்கும்போதே ‘மிதித்த’ நிலைதான் காட்டுது. ஓட்டைக்கு மேல ஒரு நாணயத்தைக் கையால் பிடிச்சதும் நிலை மாறுது.

இப்போதைக்கு போல்ட் நட் போட்டு அடைக்கலாமா?

#24 நெறியாளர்

கிளட்ச் பக்கம் என்பதால் சிலர் செய்வார்கள். குமிழ் வரும்வரை குரூஸ் இல்லாமலே ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? தளர்ந்த நட் பெடலுக்கு அடியில் உருண்டால் பிரேக் கீழே போகாது.

#25 ரிலே_கிளிக்

குமிழ் போட்டதும் முதலில் மீட்டரால் மாட்டியபடியே பாருங்கள், பிறகு ரோட்டில். பகல், காய்ந்த ரோடு, நேரான இடம், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம். நான்காம் கியரில் 60. செட் பிடித்தவுடன் வேகத்தைப் பார்க்காமல் விடுவிப்பதைப் பாருங்கள்: பிரேக்கை விரலால் தட்டுகிற அளவுக்குத் தொட்டால் விட வேண்டும். ரெஸ்யூம் போட்டு கிளட்சைத் தொட்டால் விட வேண்டும். மறுபடி ரெஸ்யூம், கேன்சல் பட்டன். மூன்றில் ஒன்று விடவில்லை என்றாலும் குரூஸின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்புங்கள். ஸ்கேனர் பார்ப்பதாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

#26 நெம்புகோல்

கடைக்குப் போகும்போது சில்லுகளைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள், ஓட்டையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒரே மாதிரி தெரியும் குமிழ்கள் அரை மி.மீ. வித்தியாசத்தில் தளர்ந்து விழும். விளிம்பில் துளி சோப்புத் தண்ணீர் தடவி, தகட்டின் பின்பக்கமிருந்து கட்டை விரலால் அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். சுத்தியல் வேண்டாம்.

இரண்டாக வாங்குங்கள். பிரேக் பக்கத்துக் குமிழுக்கும் அதே வயசுதான்.